டேப்பட் சத்தம்

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டது ஏன் என்று யாராவது கேட்டால் புயல் என்று சொல்லிவிடுவேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் விசாரிப்பதில்லை. புயல் எல்லார் வீட்டிலும் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் எங்களைக் கிளப்பியது புயல் அல்ல. புயல் போன நாலாம் நாள் காலையில், ஓடிக்கொண்டிருந்த டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று நான் சொன்ன பதில்தான் எங்களைக் கிளப்பியது.

அப்போது சிதம்பரத்துக்குக் கிழக்கே, உப்பங்கழி ஓரத்தில், ஓர் இறால் பண்ணையில் இருந்தோம். பண்ணை என்றால் இரண்டு குட்டைகள், ஒரு ஜெனரேட்டர் ரூம், ஒரு தகரக் கொட்டகை. கொட்டகையில் அப்பா, அம்மா, நான். முதலாளி கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர். வாரம் ஒரு முறை வந்து, கரையைச் சுற்றி நடந்து, வலை வீசிப் பார்த்துவிட்டுப் போவார். அப்பாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மாமா. அம்மாவின் அண்ணன், சிதம்பரத்தில் டீசல் இன்ஜின் மெக்கானிக். அதற்கு முன்னால் செங்கல் சூளை, ரைஸ் மில், மறுபடியும் சூளை என்று மாறிக்கொண்டே இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே ஒன்றரை வருஷம் சேர்ந்தாற்போல் இருந்தது அங்கேதான். அம்மா முதன்முதலாக ஒரு முருங்கைக் கிளையை ஊன்றி வைத்திருந்தாள். அது காய்க்கிற வரைக்கும் இங்கே இருப்போம் என்று அவள் நம்பியதாகத்தான் அதற்கு அர்த்தம். வாய் திறந்து சொல்லவில்லை.

இறாலைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். அதற்கும் மூச்சு வேண்டும். ஒரு குட்டையில் அவ்வளவு இறாலை விட்டு வளர்த்தால் தண்ணீரில் இருக்கிற காற்று பற்றாது. அதற்காகச் சக்கரம் வைத்துத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஏரேட்டர் என்று பெயர். அது கரண்ட்டில் ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். வெயிலடித்து, காற்றும் வீசினால் கொஞ்ச நேரம் சக்கரம் நின்றாலும் சமாளிக்கலாம். வானம் மூடிக்கொண்டு, இலை அசையாமல் கிடக்கிற நாளில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அந்தப் புயலுக்குப் பிறகு வந்ததெல்லாம் அப்படிப்பட்ட நாட்கள். கம்பங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தன. போனில் சிக்னல் இல்லை. ஆத்திர அவசரத்துக்குத் தண்ணீரில் போடுகிற ஆக்ஸிஜன் மாத்திரை இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. மூன்று ராத்திரி, மூன்று பகலாக அந்த ஒற்றை இன்ஜின் நிற்காமல் ஓடியது. இன்னும் இரண்டு வாரத்தில் அறுவடை. அப்பாவுக்குச் சம்பளத்தோடு அறுவடையில் ஒரு பங்கும் உண்டு என்று பேச்சு. அதைவிட, நல்லபடியாக அறுவடை முடிந்தால் அடுத்த பருவத்துக்கும் நாங்களே இருப்போம்.

அப்பாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. இன்று இதை ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று எனக்குத் தெரியாது. ரைஸ் மில்லிலும் ஜெனரேட்டர் ரூமிலும் கழித்த வருஷங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. பேச்சை உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். சின்னச் சத்தங்கள்தான் முதலில் போயின. இரும்பில் இரும்பு படுகிற சத்தம், பாத்திரத்து மூடி விழுகிற சத்தம். அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதைச் சொல்வதானாலும் அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் சொல்வாள். அதைப் பிரியம் என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் பொய்யில்லை.

இன்ஜின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் அப்பா என்னைக் கேட்பார், சத்தம் எப்படி இருக்கிறது என்று. பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டே கேள்வி கேட்கிற ஆட்களை நான் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி இதுவும் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். சரியாகச் சொன்னால் "பாம்புக் காதுடி பாப்பா ஒனக்கு" என்பார். வாத்தியார் என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. அதனால் இந்தப் பரீட்சைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே படித்தேன்.

நாலாம் நாள் காலையில் டக்டக்கென்று இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. அம்மாவே உலை வைத்ததை விட்டுவிட்டு வந்து பார்க்கிற அளவுக்குத் தட்டியது. அப்பா மேல்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். டேப்பட் நட்டு தளர்ந்துவிட்டது என்றார்.

இன்ஜினின் தலையில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று காற்றை உள்ளே விடும், இன்னொன்று புகையை வெளியே அனுப்பும். மேலிருந்து ஓர் இரும்புக் கை அவற்றை மாற்றி மாற்றித் தட்டித் திறக்கும். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வைக்க வேண்டும். சூடேறினால் வால்வு நீளும். நீள்வதற்கு அந்த இடம். இடம் அதிகமானால் சுத்தியல் மாதிரி தட்டும், சமயத்தில் கழன்றும் விழும். இடமே இல்லாமல் போனால் வால்வு முழுக்க மூடாது, உள்ளே இருக்கிற அழுத்தம் ஒழுகிப்போகும். அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதற்குத்தான் டேப்பட் செட்டிங் என்று பெயர். மெக்கானிக்குகள் அதை அளக்க விசிறி மாதிரி விரிகிற மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். எங்களிடம் அது இல்லை. அப்பா இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, தினசரி காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே விடுவார். தாள் லேசாக இழுத்துப் பிடித்தால் சரி. முடிந்த நாட்களின் தாளில் தீவனக் கணக்கு எழுதியிருக்கும் என்பதால், வரப்போகிற நாளின் தாளைத்தான் கிழிப்பார். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டர் எப்போதும் நாலைந்து நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அமாவாசை என்றைக்கு என்று அம்மா பக்கத்துப் பண்ணைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

அன்றைக்கு நிறுத்த வழியில்லை.

"நிறுத்திட்டுப் பாருங்களேன்," என்றாள் அம்மா, தோளைத் தொட்டு.

"ஆறணும், செட் பண்ணணும், திரும்ப எடுக்கணும். ரெண்டு மணி நேரம் ஆவும். வானத்தப் பாரு. இறாலு தாங்குமா?"

ஓடுகிற இன்ஜினிலேயே செய்வது என்று முடிவு செய்தார். எங்கள் பக்கத்தில் அதைப் பலரும் செய்வார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மேல்மூடியைக் கழற்றிவிட்டு, துள்ளிக்கொண்டிருக்கிற இரும்புக் கையின் தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திருக வேண்டும். அளவுத் தகடும் காலண்டர் தாளும் அங்கே நுழையாது. சத்தம்தான் அளவு. தட்டுவது குறைந்து, மெல்லிய டிக் டிக் மட்டும் மிஞ்சுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த டிக் டிக் இருந்தே ஆக வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சூடான எண்ணெய் அப்பாவின் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது. ஒரு கையில் ஸ்பானர், ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். கண்களை இடுக்கிக்கொண்டு என் உதட்டைப் பார்த்தார்.

"சத்தம் இருக்கா?"

"இருக்குப்பா."

ஒரு திருகு.

"இப்ப?"

"கொறஞ்சிருக்கு. ஆனா இருக்கு."

இன்னொரு திருகு. தட்டுவது போய், டிக் டிக் என்று வந்தது. கொட்டகைச் சுவரில் பல்லி சொல்வது மாதிரி. வேறு யாராக இருந்தாலும் போதும் என்று சொல்லியிருப்பார்கள். அப்பா கேட்டது சத்தம் இருக்கிறதா இல்லையா என்று. எனக்கு அது நன்றாகக் கேட்டது.

"இன்னும் இருக்குப்பா. சின்னதா."

அப்பா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். சின்னதா என்பதை அவர் பிடித்தாரா, இருக்கு என்பதை மட்டும் பிடித்தாரா, தெரியாது. மறுபடி திருகினார்.

"இப்ப?"

"இல்லப்பா. சுத்தமா இல்ல."

நட்டை இறுக்கினார். மூடியைப் போட்டார். எண்ணெய் வழிந்த முகத்தோடு சிரித்து, என் தலையில் கை வைக்கப் போய், கையில் எண்ணெய் இருப்பதைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். இன்ஜின் புதிது மாதிரி ஓடியது. அம்மா வெளியே வந்து, இப்போதுதான் தலை லேசானது என்றாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். புகைக்குழாய் வழியாக ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. தட்டுகிற சத்தம் இல்லை. வாயைக் குவித்து ஊதுகிற மாதிரி, புஸ் புஸ் என்று. எனக்குக் கேட்டது. சொல்லலாமா என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் குட்டைக்கு எதிர்க்கரையில் தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதுதான் என் வேலை என்று நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு இன்ஜின் கறுப்பாகப் புகை விட்டது. சக்கரங்கள் சோர்ந்தன. ஒவ்வொரு தகடும் தண்ணீரைத் தொட்டு, கொஞ்சம் தள்ளி, நின்றுவிட்டது. மூன்று நாளாக விடாமல் கேட்ட இரைச்சல் போனதும் நாய் குரைப்பதுகூடப் பக்கத்தில் கேட்டது. அம்மா ஓடி வந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தது சக்கரம் நின்ற பிறகுதான்.

முதலில் டீசலில் காற்று புகுந்துவிட்டது என்று நினைத்தார். குழாயைக் கழற்றி, காற்றை எடுத்து, மறுபடி பூட்டினார். அதில் அரை மணி போயிற்று. பிறகு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அந்த ஹேண்டில் நல்ல நாளில் ஆளைத் தூக்கி எறியும். பாதிச் சுற்றில் முட்டிக்கொண்டு நிற்கும், மூச்சைப் பிடித்துத்தான் தாண்ட வேண்டும். அன்று அது கிணற்று ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றியது. அப்பா சுற்றுவதை நிறுத்தினார். நான் வந்து ஒரு கையால் சுற்றிப் பார்த்தேன், எனக்கே சுற்றியது. அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"வால்வு மூடல," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

கொக்குகள்தான் முதலில் வந்தன. கரையோரத்தில் வரிசையாக இறங்கின. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். இறால் எல்லாம் மேலே வந்து, ஓரத்தை ஒட்டி, மீசையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க மீசைகள் கூடிக்கொண்டே வந்தன. பசிக்கிற கூட்டம் வாசலில் நிற்கிற மாதிரி சத்தமே போடாமல் நின்றன.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். மொண்டு, தலைக்கு மேலே தூக்கி, ஊற்றினாள். விழுகிற தண்ணீர் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு போகும். நான் சோற்றுத் தட்டால் அடித்தேன். பக்கத்துப் பண்ணையில் உதவி கேட்கவும் வழியில்லை, அவர்களும் ஆள் இல்லாமல் தங்கள் குட்டையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடம் தண்ணீர் எவ்வளவு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் அடிக்கிற இடத்துக்கு இறால் நகர்ந்து வந்தன, எங்கள் காலைச் சுற்றி மொய்த்தன. அம்மா காலை நகர்த்தப் பயந்து ஒரே இடத்தில் நின்று ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் குடத்தோடு கரையேறி ஜெனரேட்டர் ரூமுக்கு ஓடினாள். இன்ஜின் மேல் ஊற்றினால் சீக்கிரம் ஆறும் என்பது அவள் எண்ணம். அப்பா குறுக்கே கை நீட்டினார்.

"ஊத்தாத. ஹெட்டு வெடிச்சிடும்."

"பின்ன எப்படிங்க ஆறும்?"

"தானா ஆறும்."

"அதுக்குள்ள இது எல்லாம் பூடுமே."

அவர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து, இரும்புக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சோறு வெந்ததா என்று ஆவி பார்க்கிற மாதிரி. மடித்த காலண்டர் தாள் வாயில் இருந்தது. நான் குட்டையிலிருந்து ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவரைப் பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துவிடுவாரோ என்றுதான் பயம். எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு விளங்கியிருந்தது. எது தப்பு என்றுதான் விளங்கவில்லை. இருந்ததை இருக்கிறது என்றேன். இல்லாததை இல்லை என்றேன். கைகள் தட்டை அடித்துக்கொண்டிருக்க, மனது அந்த நாலு பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மடித்த தாளை உள்ளே விட்டு, இழுத்து, திருகி, மறுபடி இழுத்து, நட்டை இறுக்கினார். இந்த முறை எதையும் கேட்கவில்லை. ஹேண்டில் முட்டியது. பழைய முட்டு இல்லை, ஆனாலும் முட்டியது. நாலாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. சக்கரங்கள் தண்ணீரை அடித்தன. அம்மா குட்டைக்குள் நின்றபடியே குடத்தைத் தலைகீழாக மிதக்கவிட்டு அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. கொக்குகள் போகாமல் நின்றன.

செத்த இறால் மிதப்பதில்லை, அடியில் படிந்துவிடும். அதனால் எவ்வளவு போயிற்று என்று அன்று தெரியவில்லை. அம்மா பாதி என்றாள், பிறகு கால்வாசிதான் இருக்கும் என்றாள்.

மறுநாள் காலையில் ரோட்டைத் திறந்துவிட்டார்கள். முதலாளி காரில் வந்தார், வழியில் சிதம்பரத்தில் மாமாவையும் ஏற்றிக்கொண்டு. கரண்ட் இன்னும் வராததால் இன்ஜினை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அழைத்து வந்திருக்கிறார். கூடவே ஒரு வாடகை ஜெனரேட்டரும் டாட்டா ஏஸில் வந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய குட்டையில் வலை வீசினார்கள். ஏறியதில் பாதிக்கு மேல் வெளுத்துப்போயிருந்தது. மாமா பழைய இன்ஜினின் தலையைக் கழற்றி, வால்வைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரம் தீய்ந்திருந்தது.

"மச்சான், இத டைட்டு வச்சி ஓட்டியிருக்க. யார்யா டேப்பட்ல கைய வச்சது?"

நான் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் புடவை ஈரம் காயாமல் சேற்று வாடை அடித்தது. என் பெயரை அப்பா சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நான்தான்," என்றார் அப்பா.

"ஓட ஓடவா?"

"ஆமா. அவசரத்துல ஜாஸ்தி போயிடுச்சி."

மாமா வால்வை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். "கழுத கத்தற மாதிரி கத்துமே மச்சான், டேப்பட்டு. அது அடங்கறது தெரியாமயா திருவிக்கினே போன? காத கழட்டி ஆணியில மாட்டி வச்சிருந்தியா?"

கூட வந்த டிரைவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"தப்புதான் மச்சான். கணக்கு தப்பிடுச்சி," என்றார் அப்பா.

முதலாளி கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. "நீ நல்ல மனுஷன்தான்யா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்ஜின் தெரியாத ஆள வச்சிக்கினு நான் எப்பிடி பண்ண நடத்தறது, நீயே சொல்லு," என்றார். அப்பா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மிச்ச இறாலை அன்றே பிடித்து ஐஸில் போட்டார்கள். அதை முடித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம். பங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமா ரொம்ப நாள் எங்களோடு பேசவே இல்லை. அவர் சொல்லி வாங்கிய வேலை.

கடலூருக்கு வந்தோம். செம்மங்குப்பம் பக்கத்தில் கட்டடத்துக்குக் குழி தோண்டுகிற இடத்தில் ஊற்றுத் தண்ணீரை இறைக்கிற பம்ப் செட் ஒன்றை ஓட்டுகிற வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. இடம் மாறிக்கொண்டே இருக்கிற வேலை. பழைய பள்ளிக்கூடத்தில் போய் டி.சி. வாங்க வேண்டும் என்று இரண்டு மாதம் பேசினார்கள், பிறகு பேசவில்லை.

அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை வெகுகாலம் நான் பெரிய விஷயமாக வைத்திருந்தேன். அது நிஜம்தான். ஆனால் என் பெயரைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, சத்தத்தைச் சின்னப் பெண்ணிடம் ஏன் கேட்டாய் என்பதுதான். ஒரு தடவை கணக்குத் தப்பியவனுக்கு வேறு இடத்தில் இன்ஜினைக் கொடுப்பார்கள். காது கேட்காதவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். இது புரிய எனக்கு இருபத்தாறு வயது ஆயிற்று. அப்போது நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் வேலையில் இருந்தேன், பக்கத்தில் நிற்பவள் என்னைத் தொட்டுத் தொட்டுப் பேச ஆரம்பித்திருந்தாள்.

பம்ப் செட்டுக்கு நான்தான் சோறு கொண்டு போவேன். போன முதல் வாரமே அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, இன்ஜினைக் காட்டி, "பாப்பா, சத்தம் எப்பிடி இருக்கு?" என்றார். அது லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் இந்தத் தடவை நான் புத்திசாலி. என் பதிலால் இன்னொரு வேலை போகக் கூடாது என்று முன்பே தீர்மானித்து வைத்திருந்தேன்.

"தெரியலப்பா," என்றேன்.

அவர் என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். சரியாகப் பார்க்கவில்லையோ என்று மறுபடி கேட்டார். நானும் மறுபடி அதையே சொன்னேன். அடுத்த மாதம் ஒரு தடவை கேட்டார். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை. அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டு, சோற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றுகொள்வார்.

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு, தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன்.